எங்கள் வீட்டிலும் தண்ணீர் வரவில்லை

கிருபைநல்லூர்
4.5.2025

அன்புள்ள டார்லின் சித்திக்கு ரீபாவின் தோத்திரங்கள்.

கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுக் கொடியில்கூடத் துணி இல்லை. நேற்று மும்தாஜ் மாமி வீட்டுத் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதைத்தான் முதலில் பார்த்தேன். சனிக்கிழமை, நல்ல வெயில். மற்ற நாளென்றால் அந்தத் தெருவில் குனிந்துதான் நடக்கவேண்டும். நேற்று வெறும் கயிறும் அதில் கடித்துக்கொண்டிருக்கிற கிளிப்புகளும்தான். மாமி மகள் தஸ்மியாவிடம் ஏன் என்று கேட்டேன். "தண்ணி வந்து ஒரு வாரம் தாண்டிட்டு. குடிக்கவும் தொழுகைக்கு ஒளு எடுக்கவுமே காணல, இதுல துவைக்க வேற செய்யணுமோ?" என்றாள். பிறகு, "ஒங்க வீட்டுல வருதா?" என்று கேட்டாள். நான் தூக்குவாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நம் வீட்டு மாடியில் அன்றைக்கு இரண்டு கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் சுகமா? அந்த மலையில் இன்னும் செல்போன் டவர் வரவில்லையா? போன மாதம் மலேரியா என்று எழுதியிருந்தீர்கள், அம்மா அதை நினைத்து அழுதாள். அம்மாவுக்கும் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அப்பா நலம்.

உங்களுக்கு வேறு யாரும் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். அம்மா பேரூராட்சித் தலைவராகி மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு மேடையிலும் பேசியதில்லை. கையெழுத்துப் போடுவதுதான் அம்மா, பேசுவதும் திட்டுவதும் திறந்துவைப்பதும் அப்பா. ஊரில் அப்பாவைத்தான் சேர்மன் என்கிறார்கள். அம்மா சேர்மன் வீட்டம்மா. அப்படிப்பட்ட அம்மா போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கிழக்குத் தெருப் பெண்கள் காலிக்குடங்களோடு வாசலை மறித்துக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கும் போல. "ஆறு என்ன வத்தியா போச்சு? கொடத்த எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள். யாரோ போனில் வீடியோ எடுத்துவிட்டார்கள். இப்போது திருநெல்வேலி டவுண் வரை அது ஓடுகிறது. சாக்கடை கலக்கிற தண்ணீரைக் குடி என்கிறாரா தலைவி என்று கேட்கிறார்கள்.

கட்சியே அம்மாவைப் பதவியிலிருந்து எடுத்துவிடும் என்று பேச்சு. டீக்கடையில் எடுப்பார்கள், எடுக்கமாட்டார்கள் என்று பந்தயம் நடக்கிறதாம். அப்பா சிரிக்கிறார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளை
ரீபா


மலைப் பணித்தளம்
ராயகடா, ஒடிசா
19.5.2025

ரீபா குட்டிக்குச் சித்தியின் அன்பு முத்தங்கள்.

சந்தைக்குப் போன தம்பி உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். காய்ச்சல் விட்டுவிட்டது. வாய்க்கசப்பு மட்டும் போகவில்லை. நீ அனுப்பின நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துபோய் ஜாடியைக் கழுவிக்கூடக் குடித்துவிட்டேன்.

அக்கா அப்படிப் பேசினாள் என்பதை நம்ப முடியவில்லை. சின்ன வயதில் கோழியைக்கூட 'போ' என்று விரட்டமாட்டாள். நானல்லவா வாயாடி. அவள் களைப்பில் ஏதோ சொல்லியிருப்பாள். ஜனங்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். இந்த வெயிலில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?

அத்தானிடம் சொல். அவர் இங்கே போட்டுக் கொடுத்த ஆழ்குழாயில் கோடையிலும் தண்ணீர் வருகிறது. பெண்கள் ஓடைக்கு இறங்குவது நின்றுவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் அவர் பெயர் வெட்டின கல்லைப் பிள்ளைகள் தினமும் கழுவிவைக்கிறார்கள். இப்படி ஒரு மனுஷரின் வீட்டுக்குக் கர்த்தர் கெடுதல் வரவிடமாட்டார்.

நீ தையல் வகுப்பில் சேருகிறேன் என்றாயே, சேர்ந்தாயா? பத்தாவதோடு நின்றது நின்றதாகவே போய்விடக்கூடாது. வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் காப்பி போடுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

இராத்திரி ஜெபத்தில் அக்காளின் பெயரைச் சொல்லாமல் படுப்பதில்லை.

சித்தி டார்லின்


கிருபைநல்லூர்
3.6.2025

அன்பான சித்திக்குத் தோத்திரம் சொல்லி ரீபா எழுதுவது. கடிதம் கிடைத்தது, காய்ச்சல் விட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஊறுகாய் போட்டிருக்கிறேன், உப்பு இறங்கட்டும், அனுப்புகிறேன். தையலில் சேரவில்லை.

இங்கே பேச்சு அடங்கவில்லை. கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் நம் கட்சிதான், அவர்களே கூடிக்கொண்டு அம்மாவை மாற்றவேண்டும் என்கிறார்கள். முதலில் நிற்பது மும்தாஜ் மாமி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவர் பதவிக்கு அம்மாவின் பெயரை முன்மொழிந்ததும் அவர்தான். திருநெல்வேலிக்குப் போய்க் கட்சிப் பெரியவர்களைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா பேசின பேச்சு கிடக்கட்டும், சேர்மன் வீட்டுக்கு மட்டும் மெயின் குழாயிலிருந்து தனிக் கனெக்‌ஷன் ஓடுகிறது, அதைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாராம்.

அதை அப்பாவிடம் ஒருவர் வந்து சொன்னபோது நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்பா, "அந்தப் பொம்பளைக்கு நம்ம வீட்டுக் குழா மேல என்ன ஆசை பாத்தீரா வே?" என்று சிரித்தார். வந்தவரும் சிரித்தார்.

பிறகு அப்பா ஒரு வேன் பிடித்து மற்றக் கவுன்சிலர்களை எல்லாம் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாரல் தொடங்கிவிட்டதாம். இரண்டு நாள் அருவியில் குளித்து, பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டுத் தலையில் எண்ணெய் மின்ன வந்து இறங்கினார்கள். எதிரே தெருக்குழாயில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். "நல்லா குளிச்சாச்சா அண்ணாச்சி? எங்களுக்கு ஒரு கொடம் புடிச்சிட்டு வந்திருக்கலாம்லா" என்று ஒரு அக்கா கேட்டாள். வேனில் போகாதது மும்தாஜ் மாமி ஒருவர்தான்.

இப்போது கட்சியிலிருந்து விசாரிக்க ஒரு பொறுப்பாளர் வருகிறார். சிவசண்முகம் என்று பெயர். அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதைவைத்துத்தான் மேலிடம் அம்மாவை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுமாம். அம்மா எடுத்தாலும் சரிதான் என்கிறாள், அப்பா இல்லாத நேரத்தில் மட்டும்.

அவர் வருகிற அன்றைக்கு அப்பா என்னிடம் ஒரு சின்ன உதவி கேட்டிருக்கிறார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

எல்லோருடைய அன்பும்.

ரீபா


கிருபைநல்லூர்
20.6.2025

அன்பான சித்தி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மாவை எடுக்கப்போவதில்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அப்பா வெடி போடச் சொன்னார், அம்மா வேண்டாம் என்றாள், அதற்குள் போட்டுவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

எனக்கு வலது தோள் வலிக்கிறது. குடம் தூக்கிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ஊறுகாய் பார்சல் அனுப்பியிருக்கிறேன்.

ரீபா


மலைப் பணித்தளம்
5.7.2025

என் தங்க ரீபாவுக்கு, கர்த்தருடைய நன்மைகளை எண்ணி எண்ணிச் சித்தி எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அழுதுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சபையில் சாட்சி சொன்னேன். என் அக்காவின் பேரில் வந்த பழியைக் கர்த்தர் நீக்கிப்போட்டார் என்று அவர்கள் பாஷையில் சொன்னேன். நாங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொடுத்த குடும்பம் அல்லவா என்று ஒரு மூதாட்டி எழுந்து கைதட்டிப் பாடினாள். எல்லோரும் பாடினோம்.

பார்த்தாயா, நான் சொன்னது போலவே ஆயிற்று. இனி அக்கா தலைநிமிர்ந்து நடக்கட்டும்.

தோளுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய். இரண்டு நாளில் போய்விடும். மழை பிடித்துவிட்டது, இனி சந்தைக்கு ஆள் போவது குறைவு, கடிதம் பிந்தினால் வருத்தப்படாதே.

ஊறுகாய் அமிர்தம்.

சித்தி


கிருபைநல்லூர்
18.7.2025

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் சபையில் எழுந்து சாட்சி சொன்னதை வாசித்தபிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. போன கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். வாசித்துவிட்டு அம்மாவுக்கு எழுதவேண்டாம்.

பொறுப்பாளர் வந்த அன்றைக்குக் காலையிலேயே அப்பா முன்வாசலில் காலிக்குடங்களை வரிசையாக வைக்கச் சொன்னார். மாடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்து உள்ளே போடச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏளா, ரெண்டு கொடத்த எடுத்துக்கிட்டு தெருக்குழாய்க்குப் போ. அவரு கார விட்டு எறங்கும்போது நீ எதுக்க வரணும். பைய வா, ஓடி வந்துராத" என்றார். அம்மா பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அன்றைக்குத்தான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். தெருக்குழாயில் முப்பது பேர் இருக்கும். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். சித்தி, அங்கே நான் நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒருத்தி, "வழி விடுங்கட்டி, சேர்மன் மகளுக்கு இன்னைக்கி தண்ணி தவிக்கிது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. வழி மட்டும் விட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குடத்தை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார் வருகிற சத்தம் வேறு கேட்டது. குழாயடியில் குடத்தை வைத்து நிமிர்ந்தால், எனக்காகத் தன் குடத்தை நகர்த்திவிட்டு நிற்பது தஸ்மியா. அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குடத்தைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தேன். சிவசண்முகம் என்பவர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். வயதானவர். என்னைப் பார்த்ததும் பதறி, "தலைவி வீட்டுப் பிள்ளையே கொடம் தூக்குதா?" என்றார். அப்பா, "என்ன செய்ய அண்ணாச்சி, ஊருக்கு என்னமோ அதான் நமக்கும்" என்றார். உள்ளே உட்கார்ந்தபிறகு அவர் என்னிடமே கேட்டார். "ஒங்க வீட்டுலயும் தண்ணி வரலையாம்மா?" நான், "வரல" என்றேன். அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, "இந்தப் பிள்ளை மொகத்துல பொய் இருக்காது" என்று அப்பாவிடம் சொன்னார்.

உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. புறவாசலில் துவைகல்லுக்குப் பின்னால் ஒரு சாக்கு கிடக்கிறதல்லவா? அதற்குக் கீழே குழி, குழிக்குள் வால்வு. ஆற்றின் உறைகிணற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்கு ஏறுகிற பெரிய குழாய் நம் மதிலை ஒட்டித்தான் போகிறது. மோட்டார் ஓடும்போதெல்லாம் நமக்குத் தண்ணீர் உண்டு. நாம் எடுப்பதில் ஊர்த் தொட்டி நிறையாமல் போனால் கடைசியில் இருக்கிற கிழக்குத் தெருவுக்குத்தான் போகாது. திறந்து மூடுவது என் வேலை. போன வருஷம் லீவில் வந்தபோது நீங்களும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தீர்கள்.

மும்தாஜ் மாமி பொய்ப்புகார் கொடுத்தார் என்று கட்சியிலிருந்து விலக்கிவைத்திருக்கிறார்கள். அம்மாவை எடுக்கவில்லை. மாமியை எடுத்துவிட்டார்கள். அவர் தெருவிலேயே சிலர், பதவிக்கு ஆசைப்பட்டு இல்லாததைச் சொன்னாள் என்று ஏசுகிறார்கள். சேர்மன் மகளே குடம் தூக்கியதை ஊரே பார்த்ததல்லவா?

அடுத்த ஞாயிறு அப்பா ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை கட்டினார். போதகர் ஐயர் வழக்கம்போல ஒவ்வொன்றாக வாசித்தார். பேரன் பிறந்ததற்காக, வேலை கிடைத்ததற்காக, ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. அந்த வரிசையிலே, "ஹெப்ரான், ஹெப்சிபா குடும்பத்தார், கர்த்தர் தங்கள் மேல் சுமத்தப்பட்ட பொய்யைப் பொய்யாக்கினதற்காக" என்று வாசித்தார். அம்மா முன் பெஞ்சில் உட்காருகிறவள், இப்போது கதவுப்பக்கம் உட்காருகிறாள். அன்றைக்கு அங்கேயும் இருக்கமுடியாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் போகவில்லை. பாட்டு முடியும்வரை நின்று பாடினேன்.

நான் என்ன செய்யட்டும் சித்தி? சீக்கிரம் எழுதுங்கள்.

ரீபா


கிருபைநல்லூர்
10.8.2025

அன்பான சித்திக்கு, சுகம்தானா? மழை என்று எழுதியிருந்தீர்கள். மழையால்தான் கடிதம் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

தஸ்மியாவைக் கடையில் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "என்ன, ரெண்டு பேரும் சண்டையா?" என்றார். அவள், "சண்டையெல்லாம் பேசுதவங்க கூடத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா இப்போதெல்லாம் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். முந்தாநாள் எனக்குத் தலை பின்னிவிட்டாள். சின்னப்பிள்ளையில் பின்னினது, அதற்குப் பிறகு இப்போதுதான். பின்னிக்கொண்டே, "அன்னைக்கி நீ வரலன்னு சொன்னேல்லா. அத நான் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஒன்னையச் சொல்ல விட்டுட்டேன்" என்றாள். நான் திரும்பப் போனேன். "ஆடாம இரு" என்று முடியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மும்தாஜ் மாமி விடவில்லை. என்னையும் அவர்களையும் நேருக்கு நேர் வைத்துக் கேளுங்கள் என்று மறுபடி எழுதிக் கொடுத்தாராம். சிவசண்முகம் 24-ஆம் தேதி நம் வீட்டுக்கே வந்து இரண்டு பக்கத்தாரையும் வைத்துக்கொண்டு பேசுகிறார். மாமி சொன்னது பொய் என்று அன்றைக்கும் ஆனால், அவரை விலக்கினது விலக்கினதுதான், ஊரில் அவர் பேச்சுக்கு இனி மதிப்பு இல்லை. மெய் என்று ஆனால் அம்மா போகவேண்டியதுதான். அப்பா தைரியமாக இருக்கிறார். "ரீபா இருக்காள்லா" என்கிறார்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் அது முடிந்துவிடும்.

ரீபா


மலைப் பணித்தளம்
11.8.2025

ரீபா,

உன் ஜூலைக் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மழையால் பிந்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சந்தைக்கு ஆள் இரண்டு தடவை போய் வந்தது.

கொடி நிறையத் துணி காய்கிறது என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதினாய். தண்ணீர் ஏது என்று நான் கேட்கவில்லை. குடம் தூக்கினேன் என்று எழுதினாய். எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். லீவில் வந்தபோது சாக்கைக் காலால் நகர்த்தியும் பார்த்தேன் ரீபா. மறுபடி மூடிவிட்டேன். அத்தான் இங்கே குழாய் போட்டுக் கொடுத்தவர். அவர் பெயரைக் கல்லில் வெட்டுவித்தவள் நான்.

போன ஞாயிறு அந்த மூதாட்டி மறுபடி உங்கள் குடும்பத்துக்காகப் பாடலாமா என்று கேட்டாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். பெற்றவர்களைக் கனம்பண்ணு என்று எழுதிப்பார்த்தேன். கிழித்துவிட்டேன். உண்மையைச் சொல் என்று எழுதிப்பார்த்தேன். நான் சொல்லாததை உன்னைச் சொல்லச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதையும் கிழித்துவிட்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொள். நீ சாப்பிடு.

டார்லின்


கிருபைநல்லூர்
25.8.2025

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். சாப்பிட்டேன்.

நேற்று மத்தியானம் கூட்டம் நம் ஹாலில் நடந்தது. சோபாவில் சிவசண்முகம், அவருக்குப் பக்கத்தில் அப்பா, எதிரே குற்றாலம் போய் வந்த கவுன்சிலர்களில் இரண்டு பேர். அம்மா உள்கதவுப் பக்கத்தில் ஒரு பிரம்பு மோடாவில். மும்தாஜ் மாமிக்கு நாற்காலி போட்டிருந்தோம், அவர் உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன். மாமி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "நோம்பா?" என்று அப்பா கேட்டார். "இல்ல. இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு எப்பிடிப் பேச?" என்றார் மாமி. கவுன்சிலர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமினார்.

சிவசண்முகம் ரொம்ப நேரம் பேசினார். கட்சிக்குக் கெட்ட பெயர் என்றார். ஒரு தலைவரை நாமே எடுத்தால் எதிர்க்கட்சிக்கு வெல்லம், எடுக்காவிட்டால் ஜனங்களுக்குக் கோபம், தான் நடுவில் என்றார். மாமி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சிவசண்முகம், "சரிம்மா, நீங்க தனிக் கனெக்‌ஷன் இருக்குங்கீங்க. கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார். மாமி பார்க்கவில்லை என்றார். மோட்டார் ஓடும்போது இந்த வீட்டு மாடித் தொட்டி நிறைந்து வழிவதைத்தான் தெருவிலிருந்து பார்த்தேன் என்றார். அப்பா கையை விரித்தார்.

"பிள்ளையக் கேளுங்க அண்ணாச்சி. வாயத் தொறந்து நாலு வார்த்த பேசாத பிள்ள. அது பொய் சொல்லுமா? ரீபா, இங்கன வா."

போனேன். சிவசண்முகம் ஏதோ கேட்க வாயெடுத்தார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"ஒன்னைய ஏச வரலம்மா" என்றார். "நீயும் தஸ்மியாவும் ஒரே தட்டுல சாப்பிட்ட பிள்ளைய. என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லிரு, எங்க வீட்டுல தண்ணி வரல மாமின்னு. நான் பொய்க்காரின்னு ஒத்துக்கிட்டு இப்பிடியே போயிருதேன்."

நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆமா என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. வெளியே ஆற்றுப்பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமியின் கையைப் பிடித்தேன். "வாங்க மாமி" என்றேன். அது மட்டும் வந்தது.

அடுக்களை வழியாகக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அப்பா, "ஏளா, எங்க போற? இங்கன நில்லு" என்று எழுந்தார். நான் நின்றிருப்பேன் சித்தி, அவர் குரலுக்கு என் கால் பழகியிருக்கிறது. அப்போது அம்மா மோடாவிலிருந்து எழுந்திருக்காமலே, "போகட்டும், விடுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்குப் பின்னால் செருப்புச் சத்தங்கள் வந்தன. புறவாசலில் எல்லோரும் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு குனிந்து சாக்கை இழுத்துப் போட்டேன். குழிக்குள் கையை விட்டு வால்வைத் திறந்தேன்.